முதல் பிரசவத்தில் பிபி ஏறி 33-ஆம் வாரத்தில் குழந்தை பிறந்தது. இப்போது 13-ஆம் வாரம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 32. இது இரண்டாவது கர்ப்பம், 13-ஆம் வாரம் நடக்கிறது. முதல் பிரசவம் ஐந்து வருடத்துக்கு முன்னால். 31-ஆம் வாரம் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் பத்து நாளுக்குள் விரல் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் போனது. காலையில் கண்ணாடி பார்த்தால் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. இரண்டு நாள் விடாத தலைவலி. தூக்கம் போதவில்லை என்று நினைத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் வழக்கமான செக்கப்புக்குப் போனபோது பிபி 168/112. நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை பார்த்தார், அப்புறம் இன்னொரு தடவை. சிறுநீரில் குச்சியை நனைத்ததும் மஞ்சளாக இருந்த கட்டம் கரும்பச்சையாக மாறியதை நானே பார்த்தேன். அன்றைக்கு என்னை வீட்டுக்கு விடவில்லை. இரண்டாம் நாள் ஆபரேஷன். 33-ஆம் வாரம், 1.6 கிலோ. மகன் மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான். இன்று நன்றாக ஓடியாடுகிறான்.

என் கேள்வி இதுதான். எனக்குச் சர்க்கரை இல்லை, எடை அதிகம் இல்லை, வீட்டில் யாருக்கும் இளவயதில் பிபி இருந்ததில்லை. அப்படியிருக்க எனக்கு ஏன் வந்தது? வேலையில் டென்ஷன் பட்டதால்தான் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அந்த வார்த்தை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மறுபடி வருமா? டாக்டர் தினமும் இரவில் ஆஸ்பிரின் போடச் சொல்லியிருக்கிறார். மாத்திரை அட்டை மேஜையிலேயே இருக்கிறது, எடுக்கக் கை வரவில்லை.

தூறல்

படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. மகன் நன்றாக இருக்கிறானே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தவரை உப்பை இப்போதிருந்தே சுத்தமாகக் குறைத்துவிட வேண்டும். முடிந்த மட்டும் படுத்தே இருக்க வேண்டும், இடது பக்கமாக. என் அக்காவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்கும் மாத்திரை இல்லையா? கர்ப்பத்தில் போடலாமா என்று இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

லேபர்வார்டு அக்கா

நிலாமுற்றம், முதலில் ஒன்று. உங்களுக்கு வந்தது ப்ரீ எக்ளாம்ப்சியா, கர்ப்பத்தில் பிபி ஏறுகிற ஒரு நோய். டென்ஷனால் அது வரவில்லை. பதினேழு வருடமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். எதற்கும் கவலைப்படாத பெண்ணுக்கும் வந்து பார்த்திருக்கிறேன், ஒன்பது மாதமும் அழுதுகொண்டே இருந்த பெண்ணுக்கு 110/70-லேயே பிரசவம் முடிந்தும் பார்த்திருக்கிறேன். யாரோ சொன்ன அந்த வார்த்தையை இன்றோடு விட்டுவிடுங்கள் மா.

தூறல் அன்போடுதான் சொல்கிறார், ஆனால் அந்த இரண்டு யோசனையும் இப்போது இல்லை. உப்பை அடியோடு குறைப்பது இந்த நோயைத் தடுப்பதில்லை. நம் பேச்சில் "நீரில் உப்பு இறங்குகிறது" என்கிறோமே, பாதிக் குழப்பம் அந்த வார்த்தையால்தான் வருகிறது. இறங்குவது உப்பு இல்லை, புரதம். ஆல்புமின். சிறுநீரகத்தின் வடிகட்டி கசிவதால் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் வெளியே போகிறது. வார்டில் நான் "உப்பு" என்று ஒருவரிடமும் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் அவர் உப்பே இல்லாமல் சாப்பிட்டுச் சோர்ந்துபோய் வருவார்.

படுத்தே கிடப்பதும் அப்படித்தான். நோயைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. நாள் கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைகிற அபாயம்தான் கூடும். சாதாரணமாக நடமாடுங்கள்.

சரி, வகைக்கு வருகிறேன். "பிரஷர்" என்று ஒரே பெயரில் நாம் சொல்வது மூன்று நான்கு வேறு நிலைகள். கர்ப்பத்துக்கு முன்பே, அல்லது 20-ஆம் வாரத்துக்குள்ளேயே 140/90-க்கு மேல் இருந்தால் அது பழைய ரத்த அழுத்தம். 20 வாரம் தாண்டிப் புதிதாக ஏறி, புரதம் இறங்காமல், உறுப்புகளும் பாதிக்கப்படாமல் இருந்தால் கர்ப்பகால ரத்த அழுத்தம். அதே 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தத்தோடு புரதமும் இறங்கினால் ப்ரீ எக்ளாம்ப்சியா. புரதம் இல்லாவிட்டாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, கல்லீரல், சிறுநீரக அளவுகள் கெட்டாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, மூளை, கண் சம்பந்தமான அறிகுறி வந்தாலோ அதுவும் ப்ரீ எக்ளாம்ப்சியாதான். அது வலிப்பில் போய் நின்றால் எக்ளாம்ப்சியா. பழைய பிபி உள்ளவருக்கு மேலே இதுவும் ஏறிக்கொள்வது உண்டு. அதைத்தான் நாங்கள் வார்டில் ரொம்பக் கவனமாகப் பார்ப்போம்.

இந்த 140/90 ஒரு தடவை காட்டிவிட்டால் முடிவு கட்டுவதில்லை. நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பார்கள். 160/110 என்றால் அப்படிக் காத்திருப்பதில்லை. பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, அப்படியே நின்றால் உடனே மருந்து. உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஒரு கணவன்

அக்கா, அந்த 20 வாரக் கணக்கு எங்களை ரொம்ப அலைக்கழித்தது. என் மனைவி முதல் செக்கப்புக்குப் போனதே 18-ஆம் வாரத்தில்தான். அப்போது 118/76. 30-ஆம் வாரத்தில் 144/92. கர்ப்பத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அதுதான் 18-ஆம் வாரத்தில் சரியாக இருந்ததே, பழசை ஏன் கேட்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

லேபர்வார்டு அக்கா

கோபம் நியாயம்தான் தம்பி, ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. கர்ப்பத்தில் பிபி ஒரே கோடாகப் போவதில்லை. முதல் மூன்று மாதத்திலேயே இறங்கத் தொடங்கி, நடு மாதங்களில் அடிமட்டத்துக்கு வந்து, கடைசி மூன்று மாதத்தில் பழைய அளவுக்கு ஏறும். முன்பே 140 இருந்த பெண்ணுக்குக்கூட 18-ஆம் வாரத்தில் 118 காட்டலாம். முதல் அளவே அதுதான் என்றால் 30-ஆம் வாரத்தில் ஏறியது புதிதா பழையதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. மருந்து, மாதக் கணக்கு, பிரசவத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று எல்லாமே அந்த ஒரு பதிலைப் பொறுத்து மாறும்.

அதனால்தான் எட்டு, பத்து வாரத்துக்குள் வந்து பார்த்துவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறோம். நிலாமுற்றம், உங்கள் முதல் வாரங்களின் அளவு நோட்டில் இருக்கிறதா?

நிலாமுற்றம்

இருக்கிறது அக்கா. 7-ஆம் வாரம் 116/74, 12-ஆம் வாரம் 112/70.

இரட்டைநதி

எனக்கும் ஒரு பங்கு சொல்ல இருக்கிறது. 38 வயது, செயற்கைக் கருத்தரிப்பு, இரட்டைக் குழந்தைகள், முதல் பிரசவம், எடையும் கூடுதல். என் அம்மாவுக்கும் நான் வயிற்றில் இருந்தபோது இதே பிரச்சினை. முதல் நாளே டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே போனார். ஒவ்வொரு "ஆமாம்" சொல்லும்போதும் நான் என்னவோ தப்பு செய்துவிட்டுக் கூண்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இதெல்லாம் உங்களைக் குறை சொல்ல இல்லை, யாரை அடிக்கடி வரச் சொல்ல வேண்டும் என்று நான் தெரிந்துகொள்ள." அதற்கப்புறம்தான் என்னால் நிம்மதியாகக் கேள்வி கேட்க முடிந்தது.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்த வரை, எல்லாக் காரணமும் ஒரே எடை கிடையாது. முந்தைய கர்ப்பத்தில் ப்ரீ எக்ளாம்ப்சியா, பழைய பிபி, முதல் வகையோ இரண்டாம் வகையோ சர்க்கரை நோய், சிறுநீரக நோய், லூபஸ், ஆன்டிபாஸ்போலிப்பிட் மாதிரி உடல் தன்னையே தாக்கும் நோய்கள், ஒன்றுக்கு மேல் குழந்தை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், அதிக அபாயக் கணக்கில் சேர்ப்பார்கள். தலைப்பிரசவம், 35-க்கு மேல் வயது, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 30-க்கு மேல், அம்மாவுக்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருப்பது, இரண்டு குழந்தைகளுக்கு நடுவே பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி, இவையெல்லாம் நடுத்தரம். ஒன்றுக்கு மேல் சேர்ந்தால்தான் கவலை. வயது, எடை எல்லைகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்றும் சொன்னார்.

எனக்கு 35-ஆம் வாரம் வரை போனது. இரண்டு பேரும் நலம்.

வெண்பா

எனக்கு லூபஸ். அதனால் கர்ப்பத்துக்கு முன்பே இதைப் பற்றி நிறையக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நிலாமுற்றத்தின் "எனக்கு ஏன்" என்ற கேள்விக்கு என் டாக்டர் சொன்ன பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த நோய் தொடங்குகிற இடம் இதயமும் இல்லை, மனசும் இல்லை. நஞ்சுக்கொடி. கர்ப்பப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சின்ன ரத்தக் குழாய்கள் இருக்கும். கரு பதிந்து வளரும்போது நஞ்சுக்கொடியின் செல்கள் இந்தக் குழாய்களுக்குள் புகுந்து, சுற்றியிருக்கும் தசையை இளக்கி, குறுகிய குழாயை அகலமான வாய்க்காலாக மாற்றிவிட வேண்டும். குழந்தைக்குத் தேவையான ரத்தம் தடையில்லாமல் பாய வேண்டுமே. இந்த வேலை ஏறக்குறைய 20 வாரத்துக்குள் நடந்து முடிகிறது. சிலருக்கு அது அரைகுறையாக நின்றுவிடும். வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது.

பிறகு குழந்தை வளர வளர நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போகும். அது சில புரதங்களை அம்மாவின் ரத்தத்தில் அதிகமாகக் கொட்டத் தொடங்கும். அவை உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கும். குழாய் இறுகினால் பிபி. கசிந்தால் வீக்கம், புரதம். கல்லீரலில் நடந்தால் நெஞ்சுக்குழி வலி, மூளையில் நடந்தால் தலைவலி, வலிப்பு. ஒரே சேதம் பல இடங்களில் முகம் காட்டுகிறது. தாமதமாக வருகிற வகையில் அம்மாவின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் எடை, சர்க்கரை, பிபி போன்றவற்றின் பங்கு அதிகம் என்கிறார்கள்.

இன்னொன்று, நஞ்சுக்கொடியில் பாதி அப்பாவின் மரபு. வேறொரு பெண்ணின் கர்ப்பத்தில் இது வந்திருந்த ஆணுக்கு, இன்னொரு துணையோடும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். பெண்ணை மட்டும் உட்கார வைத்துக் "நீ என்ன செய்தாய்" என்று கேட்கிற எல்லோருக்கும் இதை நான் சொல்வதுண்டு.

ஆக, நிலாமுற்றம், உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை என்றீர்களே, ஒன்று இருந்தது. அது தலைப்பிரசவம். இந்த நோய் வருகிறவர்களில் ஏராளமானவர்களுக்கு அதைத் தவிர வேறு எதுவும் இருக்காது. பட்டியலில் பெயர் இல்லை என்று ஒருவரும் பிபி பார்க்காமல் இருந்துவிடக் கூடாது என்பது அதனால்தான்.

தூறல்

உப்பு விஷயம் இப்போதுதான் புரிந்தது, நன்றி. அக்காவுக்கும் சொல்லிவிட்டேன். ஆஸ்பிரின் மட்டும் எனக்கு இன்னும் பயமாகவே இருக்கிறது. ரத்தப்போக்கு வந்தால்?

வெண்பா

நான் இரண்டு கர்ப்பத்திலும் போட்டேன். பயம் எனக்கும் இருந்தது, அதனால் தேடிப் படித்தேன். 2017-இல் வெளிவந்த ஆஸ்ப்ரே என்கிற ஆய்வு. அதிக அபாயம் உள்ள பெண்களைத் தேர்ந்து, பாதிப் பேருக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36-ஆம் வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 37 வாரத்துக்கு முன்பே வருகிற ப்ரீ எக்ளாம்ப்சியா போலி மாத்திரைக் குழுவில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 1.6 சதவீதம். குழந்தையைச் சீக்கிரமே வெளியே எடுக்க வைக்கிற வகைதான் இப்படிக் குறைந்தது. கடைசி வாரங்களில் வருவது பெரிதாகக் குறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இது தலைவலிக்குப் போடும் அளவு கிடையாது, அதைவிடக் குறைவு. நாட்டுக்கு நாடு 75, 81, 100, 150 என்று வேறுபடும். ரத்தப்போக்கு நோய், குடல் புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மற்றபடி 16-ஆம் வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் பலன் அதிகம், அந்தக் குழாய்கள் அகலமாகிற காலம் அதுதானே. 13-ஆம் வாரத்தில் இருக்கிறீர்கள், இன்னும் நேரம் கைவிட்டுப் போகவில்லை.

லேபர்வார்டு அக்கா

வெண்பா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் மறுபடி வருமா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன், மறைத்து என்ன பயன். ஒரு தடவை ப்ரீ எக்ளாம்ப்சியா வந்தவர்களில் ஆறில் ஒருவருக்கு மறுபடி வரலாம் என்பது பொதுக் கணக்கு. உங்களைப் போல 34 வாரத்துக்குள் பிரசவம் செய்ய வேண்டி வந்தவர்களுக்கு அது மூன்றில் ஒருவர் வரை போகும். மூன்றில் இரண்டு பேருக்கு வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் முதல் தடவையைவிடத் தாமதமாக, லேசாக வரும்.

சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருக்கிற பெண்களுக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். வைட்டமின் சி, ஈ இதற்கு உதவுவதில்லை.

நிலாமுற்றம்

நேற்று இரவு முதல் மாத்திரை போட்டேன்.

வீட்டில் பார்க்க மெஷின் வாங்கியிருக்கிறேன். ஒரே கையில் மூன்று தடவை பார்த்தால் 128, 119, 122 என்று காட்டுகிறது. எதை எழுதுவது?

லேபர்வார்டு அக்கா

நல்லது மா.

முதலில் கையின் சுற்றளவை ஒரு இஞ்ச் டேப்பால் அளந்து, மெஷினோடு வந்த பட்டையில் எழுதியிருக்கும் அளவோடு ஒத்துப்பாருங்கள். பட்டை சின்னதாக இருந்தால் பிபி இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். எங்கள் வார்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாக 146, 148 என்று வந்துகொண்டே இருந்தது. பெரிய பட்டையைத் தேடி எடுத்துக் கட்டினோம், 128. அதற்குள் அவர் குடும்பமே அழுது முடித்திருந்தது. மெஷின் கர்ப்பிணிகளிடம் சோதித்து ஒப்புதல் பெற்ற மாடலா என்றும் பாருங்கள், சில மெஷின்கள் ப்ரீ எக்ளாம்ப்சியாவில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு தடவை செக்கப்புக்குக் கையோடு கொண்டுபோய் அங்கே பார்க்கிற அளவோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம் உட்காரும் விதம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் வேண்டாம். கை மேஜைமேல், இதயத்தின் மட்டத்தில். சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டாதீர்கள். மெஷின் ஓடும்போது பேசக் கூடாது, பையன் கூப்பிட்டால்கூட. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். நல்ல அளவை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

140/90 தாண்டினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். 160 அல்லது 110, இரண்டில் எது வந்தாலும் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

சாரல்

நானும் ஒன்று எழுத வேண்டும். அளவை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்காக.

34-ஆம் வாரத்தில் ஒரு இரவு நெஞ்சுக்குழியிலும் வலது விலாவுக்குக் கீழேயும் வலி. குனிய முடியவில்லை, இரண்டு தடவை வாந்தி. போன இடத்தில் பிபி 136/86 இருந்தது, அசிடிட்டி என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் வலி இன்னும் கூடியது. வேறு இடத்துக்குப் போனோம், அங்கே முதலில் ரத்தம் எடுத்தார்கள். தட்டணு 62,000. கல்லீரல் நொதிகள் பல மடங்கு ஏறியிருந்தன. ஹெல்ப் சிண்ட்ரோம் என்றார்கள். சிவப்பணு உடைவது, கல்லீரல் நொதி ஏறுவது, தட்டணு குறைவது, மூன்றும் சேர்ந்தது. அன்று மாலைக்குள் ஆபரேஷன். குழந்தை நலம், எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

கர்ப்பத்தின் பின்பாதியில் நெஞ்சுக்குழியில் வலி வந்தால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அசிடிட்டி என்று ஒப்புக்கொண்டு திரும்பாதீர்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன்.

லேபர்வார்டு அக்கா

சாரல், இதை எழுதியதற்கு நன்றி. ஹெல்ப் சிண்ட்ரோமில் சிலருக்கு பிபி பெரிதாக ஏறுவதே இல்லை. இதோடு சேர்த்து மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி, பொறி தெறிக்கிற மாதிரி தெரிவது, பார்வை மங்குவது, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, படுத்தால் மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். கால் வீக்கம் மட்டும் என்றால் கர்ப்பத்தில் மிகச் சாதாரணம், அதை வைத்து நோய் என்று யாரும் முடிவு செய்வதில்லை.

ஒரு கணவன்

எங்கள் கதையின் மீதியைச் சொல்கிறேன். மனைவிக்கு 36-ஆம் வாரத்தில் 170/110 போய்விட்டது. மெக்னீசியம் போட்டார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்று அவள் சொன்னாள். ஒரு நர்ஸ் மணிக்கு ஒரு தடவை வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

லேபர்வார்டு அக்கா

கேட்டிருக்கலாம் தம்பி, எல்லோரும் கேட்கிறார்கள். மெக்னீசியம் சல்பேட் பிபியைக் குறைக்கப் போடுவதில்லை, வலிப்பைத் தடுக்கப் போடுவது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் செய்து 2002-இல் வெளிவந்த மேக்பை ஆய்வில், இந்த ஊசி வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் மேல், 58 சதவீதம் குறைத்தது. பழைய மருந்து, விலை குறைந்த மருந்து, இன்றைக்கும் இதை மிஞ்ச ஒன்று வரவில்லை.

ஆனால் ரத்தத்தில் அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும். மூச்சு அடங்குவதற்கு முன்னால் முழங்கால் துள்ளல் போய்விடும். அதனால்தான் தட்டுகிறோம். கால் துள்ளினால் எங்களுக்கு நிம்மதி. மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். மீறினால் மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் கட்டில் பக்கத்திலேயே எடுத்து வைத்திருப்போம். இரவு மூன்று மணிக்கு டார்ச் அடித்து ஒரு பெண்ணின் காலைத் தட்டும்போது அவர் தூக்கக் கலக்கத்தில் திட்டுவார். திட்டினாலும் எங்களுக்கு நல்ல செய்திதான், முழித்திருக்கிறாரே.

ஒரு கணவன்

இப்போது புரிகிறது அக்கா. ஆனால் எங்களுக்கு ஆபத்து அதற்கப்புறம்தான் வந்தது. குழந்தை பிறந்துவிட்டது, இனி பிபி சரியாகிவிடும் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஆறாம் நாள் தலைவலி என்றாள். தூக்கமில்லாததால் என்று நானே சொன்னேன். அன்று இரவு என் கண் முன்னால் வலிப்பு வந்தது. குழந்தை அவள் மடியில் இருந்தது, எப்படிப் பிடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் 182/114. இப்போது நலமாக இருக்கிறாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒருவராவது "இது பிறந்த பிறகும் வரும்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த இழையில் உட்கார்ந்திருக்கிறேன்.

லேபர்வார்டு அக்கா

தம்பி, அதை நாங்கள் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும்.

பிரசவம்தான் சிகிச்சையின் முடிவு என்று பலரும் நினைக்கிறார்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்தால் நோயின் வேர் போகிறது, சரிதான். ஆனால் உடம்பில் தங்கிய நீர் ரத்தத்துக்குள் திரும்பி வருகிற மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிபி உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நாட்களில்தான் வீட்டுக்கு அனுப்புகிறோம். வலிப்பு ஆறு வாரம் வரைகூட வரலாம். கர்ப்பத்தில் பிபியே இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக வருவது உண்டு. எனவே முதல் பத்து நாள் தினமும் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற பிபி மாத்திரைகளைப் பாலூட்டும்போதும் எடுக்கலாம்.

அந்திமந்தாரை

உங்கள் எல்லோரையும்விட எனக்கு வயது அதிகம், 55. எனக்கு 25 வயதில் முதல் குழந்தைக்கு இது வந்தது. பிரசவம் முடிந்தது, பிபி இறங்கியது, நானும் மறந்தேன், டாக்டர்களும் மறந்தார்கள். 47 வயதில் நெஞ்சு வலியோடு போனபோதுதான் பிபி பல வருடமாகவே ஏறியிருந்தது தெரிந்தது. இதய டாக்டர் முதலில் கேட்டதே "கர்ப்பத்தில் பிபி இருந்ததா" என்றுதான். இருபத்திரண்டு வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்.

ப்ரீ எக்ளாம்ப்சியா வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இதய நோய், பக்கவாதம் வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அவர்தான் விளக்கினார். வருடத்துக்கு ஒரு தடவை பிபி, சர்க்கரை, கொழுப்பு பார்த்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். மகள்களே, பிரசவச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

நிலாமுற்றம் (ஏழரை மாதம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி சொல்லத் திரும்பி வந்திருக்கிறேன்.

34-ஆம் வாரம் வரை 130-ஐத் தாண்டவில்லை. 35-ஆம் வாரம் ஒரு காலையில் 144/92. ஐந்து நிமிடம் கழித்து 142/90. கை நடுங்கியது, ஆனாலும் இரண்டையும் எழுதினேன். அன்றே போனோம். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, புரதம் இல்லை. லேபெட்டலால் தொடங்கினார்கள், வாரம் இரண்டு தடவை வரச் சொன்னார்கள். ஆஸ்பிரினை 36-இல் நிறுத்தினோம். 37 முடிந்ததும் ஆபரேஷன். மகள், 2.7 கிலோ. பிறந்த அரை மணியில் என் நெஞ்சுமேல் இருந்தாள். மகனை நான் முதலில் தொட்டது நான்காம் நாள், கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக.

ஒரு கணவன் எழுதியதைப் படித்திருந்ததால் வீட்டுக்கு வந்த பிறகும் பட்டையைக் கழற்றி வைக்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை 158/100, தலைவலி இல்லை, ஒன்றும் இல்லை. பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. போன் செய்தேன், வரச் சொல்லி மாத்திரையைக் கூட்டினார்கள். இன்று ஆறு வாரம் முடிந்தது. மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது, காலையில் 122/78.

ஒரு கணவன்

இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பதில் எழுதச் சொன்னாள், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. குழந்தைக்கு எங்கள் அன்பு.

லேபர்வார்டு அக்கா

அந்த 122/78-ஐயும் தேதி போட்டு எழுதி வையுங்கள் மா. அடுத்த வருடம் இதே மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.

நிலாமுற்றம்

எழுதிவிட்டேன் அக்கா. பிரசவச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.